தெய்லா என்றால் என்ன?

ஜூலை 28

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். பொய்யென்று அடிக்கவில்லை. படித்ததும் "ஓகோ, இப்பதான் அன்பு வந்துச்சா" என்று நீ ஆரம்பிப்பாய். அதற்குப் பயந்துதான் அடித்தேன். போன் செய்திருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் குரல் ஏறிவிடுகிறது. கடிதத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது.

கடுகு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நாலு வயது முடிந்துவிட்டது. வளர்த்தி இன்னும் பேருக்கேற்ற மாதிரிதான், காரமும் அப்படியே. விஷயம் என்னவென்றால், பள்ளி திறந்த நாளிலிருந்து அவள் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் சொல்வது எல்லாம் புரிகிறது. வரிசையில் நில் என்றால் நிற்கிறாள், படம் வரை என்றால் வரைகிறாள், மற்ற பிள்ளைகளோடு ஓடி விளையாடுகிறாள். எல்லாம் ஊமைப்படம் மாதிரி. சிரித்தால் மட்டும் சத்தம் வருமாம். "காது டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டார் டீச்சர். காட்டினோம். பக்கத்து வீட்டில் பிஸ்கட் பொட்டலம் பிரிப்பது கேட்கிற காது அது.

வீட்டில் வாய் ஓயாது. அவள் அம்மாவிடம் நம் எல்லாருடைய பேச்சில் பேசுகிறாள். என்னிடம் ழேரியில். ஆமாம், இன்னும் ழேரிதான். நீ போன பிறகும் நான் நிறுத்தவில்லை.

அதை டீச்சரிடம் விளக்க நான் பட்ட பாடு! "நானும் எங்க அக்காவும் படிக்கிறப்ப ஒரு ரூம்ல வாடகைக்கு இருந்தோம் டீச்சர். சுவர் அட்டை மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்னு ஒட்டுக் கேப்பார். அவருக்குப் புரியக்கூடாதுன்னு நாங்களே ஒரு மொழி செஞ்சோம். அக்கா ஒலியெல்லாம் பாத்துக்கிட்டா, நான் இலக்கணம்" என்றேன். ஜன்னல் வழியாக வாயசைவைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று உதடு ஒட்டுகிற எழுத்தே வேண்டாமென்று நீ விலக்கியதையும் சொன்னேன். ப கிடையாது, ம கிடையாது, வ கிடையாது. டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மொழியில அம்மாவ எப்படி சார் கூப்பிடுவா?" என்றார். வீட்டுக்காரரைத் திட்ட நாம் எவ்வளவோ சொல் செய்தோம். அம்மாவுக்கு ஒன்று செய்யத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. கடுகு கொஞ்ச நாளாக ஒரு சொல் சொல்கிறாள்: 'தெய்லா.' நான் அதைச் செய்யவில்லை. காலையில் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறாள். என்ன அர்த்தம் என்று கேட்டால், 'இதுகூடத் தெரியாதா' என்கிற மாதிரி பார்க்கிறாள். அன்றைக்கு வந்தபோது நீ ஏதாவது சொல்லிக்கொடுத்தாயா? குற்றம் சாட்டவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

அடித்த 'அன்புள்ள'வைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டேன். அடித்தால் மட்டும் போய்விடுமா.

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க என்னை எங்கே விட்டாய்? "குழந்தைய வச்சு சோதனை பண்றியாடா?" என்று ஒரு கேள்வி கேட்டேன். நீ எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். செருப்பின் வாரை ரயிலில் ஏறிய பிறகுதான் போட்டேன்.

இப்போதும் கேட்கிறேன், கோபித்துக்கொள். ழேரி உன்னுடையது மட்டும் இல்லை. எந்த ஒலி இருக்கலாம், எது கூடாது, எந்த இரண்டு சேர்ந்தால் நாக்கு தடுக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தவள் நான். "அக்கா, நாம செஞ்சத என் பிள்ளைக்குக் குடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்டிருக்கலாம்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு மூன்று மொழி புழங்குவதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. இதை நான் தினமும் ஆஸ்பத்திரியில் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உலகத்தில் ஒரே ஓர் ஆளோடு மட்டும் பேச முடிகிற மொழி ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று நான் படித்த எதிலும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவளாக எனக்குத் தெரியாது. அத்தையாகப் பயமாக இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். நம் பேச்சில் 'வந்தான்' என்பது வேறு, 'வந்தானாம்' என்பது வேறு. அந்த ஒற்றை 'ஆம்' எவ்வளவு வேலை செய்கிறது என்று வியந்துதானே ழேரியில் வினைக்கு வால் வைத்தோம்? கண்ணால் பார்த்திருந்தால் '-ந்தி', பிறர் சொல்லிக் கேட்டிருந்தால் '-ச்சே', வெறும் ஊகம் என்றால் '-லா'. 'தெய்' என்றால் பூட்டுவது. வீட்டுக்காரர் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போவாரே, அதற்காகச் செய்த சொல். நீ அதை எதற்கோ பெயரென்று நினைத்துத் தேடியிருப்பாய், அதனால்தான் பிடிபடவில்லை. அப்படியானால் 'தெய்லா' என்பது 'பூட்டியிருக்கும் போல.'

பள்ளி வாசலில் நின்று ஒரு குழந்தை இதைச் சொல்கிறது. அங்கே வாயே திறப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை அங்கே யாராவது அறையில் வைத்துப் பூட்டுகிறார்களா? நான் தப்பாகவும் யோசிக்கலாம். போய்க் கேள். கோபப்படாமல் கேள்.

ழேரியை நிறுத்தச் சொல்லி உன் மனைவி நெருக்குகிறாள் என்று நீ எழுதவில்லை, ஆனால் நெருக்கியிருப்பாள். நிறுத்துவதானாலும் திடீரென்று நிறுத்திவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

கோபப்படாமல் கேள் என்று எழுதினாய். நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒருவன் எப்படிக் கோபப்படாமல் இருப்பான் என்பதையும் எழுதியிருக்கலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக எல்லாப் பெற்றோரும் வந்து நிற்கிற நேரம். "எம் பொண்ண எந்த ரூம்ல வச்சு பூட்டுறீங்க?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. தலைமை ஆசிரியை வந்தார். என்னை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். எந்தக் கதவிலும் பூட்டு இல்லை, கொண்டி இல்லை. "சின்னப் பிள்ளைங்க உள்ள மாட்டிக்கும்னு எல்லாத்தையும் கழட்டிட்டோம் சார். பாத்ரூமுக்கே தாழ்ப்பாள் கிடையாது. எங்களுக்கே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

அந்த இடத்தில் பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். கடுகு இதையெல்லாம் பையை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை இழுத்தாள். தலைமை ஆசிரியையைக் காட்டி, எனக்கு விளக்கம் சொல்கிற மாதிரி, 'தெய்லா' என்றாள். வெளியே வந்ததும் காவலாளியைக் காட்டி அதையே சொன்னாள். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு பெரியவர் "என்ன பாப்பா, எந்த வகுப்பு?" என்று கேட்டார். அவருக்கும் அதே. ஆக, அது அறையைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது. பூட்டியிருக்கிற ஆள் என்றால் என்ன ஆள்? திட்டுகிறாளா என்றால், முகத்தில் திட்டுகிற பாவம் இல்லை. நாய்களைப் பார்த்துச் சொல்வதில்லை. டி.வி.யில் வருகிறவர்களைச் சொல்வதில்லை. மண்டை காய்கிறது.

பள்ளியில் நடந்தது என் மனைவிக்கு யார் மூலமோ தெரிந்துவிட்டது. இவள் வேலை உனக்குத் தெரியும்: அவசர உதவிக்கு வருகிற போன்களை எடுப்பது. அழுகிறவர், மூச்சு வாங்குகிறவர், வாய் குழறுகிறவர், எல்லார் சொல்வதையும் நொடியில் புரிந்துகொண்டு வண்டி அனுப்ப வேண்டும். வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "நாள் முழுக்க புரியாததைப் புரிஞ்சுக்கிறதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலையா? என் வீட்டு ஹால்ல என் புருஷனும் என் பிள்ளையும் பேசிச் சிரிக்கிறாங்க, நான் விருந்தாளி மாதிரி நிக்கிறேன்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போடவில்லை.

அதனால் நிறுத்திவிட்டேன். திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில், "கண்ணு, முட்டை வேணுமா?" என்று கேட்டேன். கடுகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். குரல் அங்கிருந்து வந்தது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அங்கே யாரும் இல்லை. திரும்பவும் கேட்டேன். என் வாயையே பார்த்தாள். பிறகு இறங்கி ஓடிப்போய் அவள் அம்மாவிடம், "அப்பாவோட பேச்சு தீந்துபோச்சாம்மா?" என்றாள்.

அன்றிலிருந்து என்னோடும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைக் காட்டுகிறாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. என் மடியில்தான் தூங்குகிறாள். சத்தம் மட்டும் நின்றுவிட்டது. நான் வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் ஓடுகிற எழுத்துப் போடுகிறவன். யார் என்ன பேசினாலும் இரண்டு வரியில் சுருக்கிவிடுவேன். இப்போது வீட்டில் படம் ஓடுகிறது, எனக்கு ஒரு வரி போட வரவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

திடீரென்று நிறுத்தாதே என்று எழுதியிருந்தேன். அதைப் படிக்கும்போது நீ எந்தக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்?

பூட்டு என்று நான் சொன்னதை நம்பித்தான் நீ பள்ளியில் போய்க் கூத்தடித்தாய். அந்த டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கு நன்றி, காட்டிக்கொடுத்திருந்தால் அதுவும் நியாயம்தான்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிற ஓர் அம்மாள் இருக்கிறார். மூளையில் அடைப்பு வந்து பேச்சு போய்விட்டது. கரண்டியைக் காட்டினால் 'செவ்வாய்க்கிழமை' என்பார். அது தப்பு என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். நேற்று அவர் தட்டுத் தடுமாறியபோது நான் என்னையறியாமல் ழேரியில் 'மெதுவாக, மெதுவாக' என்றேன். எத்தனை வருடம் கழித்து அது என் வாயில் வந்தது! அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், 'உனக்கும் போச்சா' என்கிற மாதிரி. எனக்கு ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. இதை உன்னிடம் ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

நான் நேரில் வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும். உன்னைக் கேட்டால் யோசிப்பாய் என்று உன் மனைவிக்கே போன் செய்துவிட்டேன். "வாங்க அண்ணி. ஆனா நீங்க ரெண்டு பேரும் என் முன்னாடி அந்தப் பேச்சு பேசக்கூடாது" என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரக் கடைசியில் வருகிறேன். வரவேற்க ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கதவைத் திறந்தால் போதும், இந்தத் தடவை உள்ளே வருவதற்கு.

அக்கா


ஆகஸ்ட் 28, ரயிலில்

தம்பிக்கு,

வண்டி ஆடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே. கோபம் முந்தாநாளே தீர்ந்துவிட்டது.

"டாக்டரா வந்திருக்கியா, சொந்தக்காரியா வந்திருக்கியா?" என்று கேட்டாய். மொழிக்குச் சொந்தக்காரியா என்று கேட்கிறாய் என்பது புரியாமலா இருந்தது? ரெண்டும்தான் என்றேன். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன், இன்று நான் கிளம்பும் வரை என் முகம் பார்க்கவில்லை. அதனால் வாயால் சொல்ல வேண்டியதை எழுத வேண்டியிருக்கிறது.

இன்று காலை கடுகைப் பள்ளிக்கு நான்தான் கூட்டிப்போனேன். நான் வந்த அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள். இடையில் என்ன மாறியது என்று யோசித்தேன். உன் மனைவி சமையலறையிலிருந்து, "அத்தைகிட்ட பேசலாம்டி, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்குப் போகிற தெருவில், மருந்துக்கடை தாண்டியதும், குனிந்து அவள் காதில் ழேரியில் ஒரு வார்த்தை சொன்னேன். உன் மனைவி முன்னால் பேசமாட்டேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன், அவள் அங்கே இல்லை. கடுகு பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அவ்வளவு சின்னக் கைக்கு என்ன பலம்!

"அது அப்பாவோடது" என்றாள்.

"நான் பேசக்கூடாதா?"

"அப்பா சொன்னாரு. அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும். இது அம்மாவோடது. உங்களோடது எது அத்தை?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. நீ இப்போது என்னோடு எதில் பேசுகிறாய் என்று கேட்டேன். "அம்மாவோடதுல. அம்மாதான் பேசலாம்னாங்க. நீங்க உங்களோடத தந்ததும் அதுல பேசுவேன்" என்றாள். எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லையம்மா என்றேன். நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலில் செருப்பில்லாதவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"டீச்சரோடது எது?" என்று கேட்டேன்.

"இன்னும் தரல" என்றாள். பிறகு, "தெய்லா."

"டீச்சர் பேசுறாங்களே, அது என்ன?"

"அது அம்மாவோடது. எடுத்து பேசுறாங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னாள், டீச்சரின் மானம் போய்விடக்கூடாதென்று.

தெருவிலேயே நின்றுவிட்டேன். பின்னால் சைக்கிளில் வந்தவர் மணி அடித்துத் திட்டினார்.

தம்பி, இவள் நினைப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உலகத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பேச்சு உண்டு. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. டீச்சருக்கும் காவலாளிக்கும் லிஃப்டில் வந்த பெரியவருக்கும் இருக்க வேண்டும், இவளுக்கு இன்னும் திறந்து கொடுக்கவில்லை. அதுவரை காத்திருப்பதுதான் மரியாதை. அனுமதி இல்லாமல் அம்மாவுடையதை எடுத்துப் பதில் சொன்னால் அது திருட்டு. 'இது நமக்கு மட்டும்' என்று நீ கொஞ்சினாய். 'அது அப்பா பேச்சு, இதுதான் நம்ம பேச்சு' என்று அவள் அம்மா வருத்தத்தில் சொல்லியிருப்பாள். இரண்டையும் குழந்தை ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டது. அங்கே போய் அவள் பயந்துபோய் நிற்கவில்லை. வாசலில் தட்டிவிட்டு நிற்கிறாள்.

சொல்லைப் பார். 'பூட்டியிருக்கும் போல.' கண்ணால் பார்க்காததற்கு ஊகத்தின் வாலைப் போட்டிருக்கிறாள். நம் இரண்டு பேரை விட ஒழுங்காக அந்த இலக்கணத்தைப் பிடித்திருக்கிறாள்.

இப்படி எழுதும்போது எல்லாம் பொருந்துகிறது. ஆனால் பூட்டு என்று சொன்னபோதும் பொருந்தத்தானே செய்தது? நான் பாதிதான் நம்புகிறேன். நீயும் பாதி நம்பு. பள்ளிக்கு ஓடாதே.

அக்கா


செப்டம்பர் 9

அக்கா,

ஸ்டேஷன் வரை வந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

நீ பாதி நம்பு என்றாய். நான் முழுசாக நம்பி, வழக்கம்போல அவசரப்பட்டேன். கடுகை உட்கார வைத்து, "அது அம்மாவோடது மட்டும் இல்ல கண்ணு. அந்தப் பேச்சு எல்லாருக்கும் சொந்தம். டீச்சருக்கும் சொந்தம்" என்றேன். நல்ல செய்தி சொல்வதாக எனக்கு நினைப்பு. அவள் உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, உங்க பேச்ச எல்லாரும் எடுத்துட்டாங்களாம்!"

இவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். போனில் யாரோ பதறிப் பேசுவதைக் கேட்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ஒரு சொல்லையும் தவற விடாத முகம். மடித்துக் கொடுத்துவிட்டு, "காலையில நான் கூட்டிட்டு போறேன்" என்றாள். நானும் கூடப் போனேன். வகுப்பு வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பள்ளியில் எனக்கு இருக்கிற பேருக்கு அதுவே அதிகம்.

இவள் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். கடுகை மடியில் வைத்துக்கொண்டாள். "டீச்சர், நான் பேசுறது என்னோட பேச்சு. அத உங்களுக்குத் தர்றேன். வச்சுக்குங்க. எம் பொண்ணு உங்ககிட்ட அதுல பேசலாம்" என்றாள். முன்னாலேயே சொல்லி வைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த டீச்சர் சிரிக்காமல் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. பத்திரமா வச்சுக்கிறேன்" என்றார்.

கடுகு இவளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கினாள்.

"டீச்சர், என் நாற்காலி ஆடுது."

பள்ளி திறந்ததிலிருந்து ஆடியிருக்கிறது அக்கா! டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இவள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்து போட்டாள்.

அதிலிருந்து தினமும் இதே வேலை. காவலாளிக்குக் கொடுத்தாயிற்று. மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்தாயிற்று. அவர் "எதுக்கும்மா, என்கிட்டயே இருக்கே" என்று சொல்லி எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தார். இவள் முறைத்த முறைப்பில் வாங்கிக்கொண்டார். லிஃப்ட் பெரியவர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். இவள் கர்ணனுக்குத் தங்கை மாதிரி வாரி வழங்குகிறாள்.

போன வாரம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடுகு அம்மாவிடம், "அப்பாவுக்கும் குடுங்கம்மா. பாவம்" என்றாள். இவள் கை தட்டிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி என்னை நேராகப் பார்த்து எத்தனையோ நாள். "தர்றேன். வச்சுக்குங்க" என்றாள். எச்சில் கையோடு இரண்டையும் நீட்டினேன். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

கடுகு இப்போது என்னோடு பேசுகிறாள். நிற்காமல் பேசுகிறாள். அம்மா பேச்சில். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருநாள் அவள் தலையைத் துவட்டும்போது ஆசை தாளாமல் ழேரியில் ஒன்று கேட்டேன். அவள் முன்பு விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு கேலி. துண்டுக்குள்ளிருந்து, "அது வேண்டாம்பா. அத நான் அத்தைக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

"எப்ப?"

"அவங்க ஊருக்கு போனாங்கல்ல, அப்ப. அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லப்பா."

நான் துவட்டிக்கொண்டே இருந்தேன். முடி எப்போதோ காய்ந்துவிட்டது. எனக்கு வருத்தமா, பொறாமையா, நிம்மதியா, சொல்லத் தெரியவில்லை. நீ கேட்டது உன்னிடம் வந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது. நான் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. அவள் உன் கையில் ஏதாவது கொடுத்தாளா? ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். அவள்தான் எடுப்பாள்.

தம்பி


செப்டம்பர் 18

தம்பிக்கு,

அன்று பள்ளி வாசலில் அவள் என் உள்ளங்கையைப் பிரித்து, எதையோ வைப்பது போல அழுத்தி, விரல்களை மடக்கிவிட்டு உள்ளே ஓடினாள். விளையாட்டு என்று நினைத்தேன். ரயிலில் அந்தக் கையால்தான் உனக்கு எழுதிக்கொண்டு வந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் என்ன வந்து சேர்ந்தது என்று தெரிந்தது. மகிழ்ச்சிதான். பிறகு பயம் வந்தது. எனக்குக் கொடுத்தபோது தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டாளா? அவளைக் கேள். வேண்டாம், கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். கடுகு எடுத்தாள். நான் முந்தின நாளே ஆஸ்பத்திரியில் ஆளில்லாத அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தேன். ழேரியில்தான் பேசினேன். நலமா என்றேன். நாற்காலி ஆடாமல் இருக்கிறதா என்றேன். உன் அப்பா என்னைத் தேடி ஸ்டேஷன் வரை வந்தாராமே என்று, சரியான வாலைப் போட்டு, '-ச்சே' என்று முடித்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்குப் புரியவில்லையோ, அதற்குள் மறந்துவிட்டாளோ என்று போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். பிறகு நம் எல்லாருடைய பேச்சில், பெரிய மனுஷி மாதிரி, "நல்லா பேசுறீங்க அத்தை" என்றாள். "கொஞ்சம் கொஞ்சம் தப்பு வருது. பரவால்ல. பேசப் பேச வந்துடும்."

நன்றி என்றேன். வேறென்ன சொல்ல? எங்கே தப்பு வருகிறது என்று கேட்டேன். அது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இன்னும் தெரியவில்லை. நான் செய்த ஒலிகளை நான் தப்பாகச் சொல்கிறேனா, அல்லது உன் வீட்டில் இத்தனை வருடம் புழங்கி அவை வேறாக மாறிவிட்டனவா? நீ சொன்னால்தான் உண்டு.

"யார்கூட பேசிப் பழகுவீங்க?" என்று கேட்டாள்.

"உங்கப்பாகூட" என்றேன்.

யோசித்தாள். "சரி. அவருக்கு மறந்திருக்கும். நீங்க சொல்லிக் குடுங்க, அவரு நல்லவருதான்" என்றாள். போனை வைக்கவில்லை, அப்படியே எங்கோ போட்டுவிட்டு ஓடிவிட்டாள். உன் வீட்டுச் சத்தம் எல்லாம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. குழாய் திறந்திருந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். உன் மனைவி என்னவோ சொல்ல, கடுகு சிரித்தாள். நீ குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினாய், யாரும் கொண்டுவரவில்லை, திரும்பவும் கத்தினாய்.

எவராவது வந்து எடுப்பீர்கள் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எடுக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அக்கா